திரை இணைப்பு வடத் தரங்கள்

கணினியின் படக் குறிகைகளைத் திரைக்குக் கொண்டுசெல்லும் வடம், முனை, குறிகை முறை ஆகியவற்றை வரையறுக்கும் தொழில்நுட்ப விதிகள். அனலாக் வகையில் விஜிஏ (1987), டிஜிட்டல் வகையில் டிவிஐ (1999), எச்டிஎம்ஐ (2002), டிஸ்ப்ளேபோர்ட் (2006) ஆகியவை முதன்மையானவை. இவற்றில் வேகமானதே நிலைக்கும் என்ற கணிப்புக்கு வரலாறு இடங்கொடுக்கவில்லை. லெனோவோ, இன்டெல், ஏஎம்டி, டெல் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து, 2015க்குள் விஜிஏவைப் படிப்படியாகக் கைவிடும் திட்டத்தை 2010 டிசம்பரில் அறிவித்தன. ஆயினும் 15 ஊசிகளும் இருபுறத் திருகுகளும் கொண்ட அந்த நீலமுனை, பழைய புரொஜெக்டர்களில் இன்றும் உள்ளது. அதை அகற்றினால் சுவருக்குள் ஓடும் வயரையும் மாற்ற வேண்டும். பொருத்திவிட்ட கருவிகளின் ஆயுளே தரத்தின் ஆயுள்.

உரிமக் கட்டணம் அடுத்த காரணி. எச்டிஎம்ஐக்கு ஆண்டுக் கட்டணமும் கருவிவாரித் தொகையும் உண்டு. டிஸ்ப்ளேபோர்ட்டை உருவாக்கிய வீசா அமைப்பு கருவிவாரித் தொகை கேட்பதில்லை. அப்படியிருந்தும் தொலைக்காட்சிச் சந்தை எச்டிஎம்ஐயிடமே உள்ளது. மலிவு மட்டும் போதாது என்பதற்கு இது சான்று. யூஎஸ்பி டைப்-சி இப்போட்டியை முடித்துவிடும் என்பர். இந்தியத் தர அமைவனம் டைப்-சிக்கான தரத்தை வெளியிட்டதும், 2014 முதல் டிஸ்ப்ளேபோர்ட் குறிகை அதே முனைவழிச் செல்வதும் இவ்வாதத்துக்கு வலுச்சேர்க்கின்றன. எனினும் ஒன்றுபடுவது முனையின் வடிவம் மட்டுமே: நொடிக்கு 480 மெகாபிட் கடத்தும் சார்ஜர் வயரும் 40 ஜிகாபிட் கடத்தும் வயரும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும், முன்னதில் படம் வராது. ஆகவே மேசைக் கணினியில் டைப்-சி வழியாக டிஸ்ப்ளேபோர்ட்டும், தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐயும் நீடிப்பதே நடக்கக்கூடியது.