மெட்டாவுக்கு ரூ.213 கோடி அபராதம்... வாட்ஸ்அப் யூஸருக்கு அதில் ஏதாவது கிடைக்குமா?

ராமேஸ்வரத்தில் ரூம் புக் பண்ணணுமா? "ஆதாரை வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்பதுதான் பல லாட்ஜ்களில் வரும் பதில். மண்டபம், பாம்பன் பக்கம் மீன், நண்டு விலை பேசுவதும் இதே ஆப்பில்தான். இதில் ஒருத்தர் மட்டும் வேறு ஆப்புக்கு மாறினால் அங்கே பேச ஆளே இருக்காது. வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு ரூ.213.14 கோடி அபராதம் விழுந்த வழக்கின் அடிப்படையே இதுதான்.

என்ன பிரச்னை?

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் புதிய பிரைவசி பாலிசியைக் கொண்டுவந்தது. யூஸரின் போன் நம்பர், போன் பற்றிய விவரங்கள், எந்த நிறுவனங்களோடு சாட் செய்கிறார் போன்ற தகவல்கள் மெட்டாவின் மற்ற நிறுவனங்களுக்குப் போகும். ஒப்புக்கொண்டால்தான் ஆப்பைத் தொடரலாம் என்றது. (நீங்கள் அனுப்பும் மெசேஜ் என்க்ரிப்ட் ஆகியிருக்கும். பலர் பயந்த மாதிரி அதைப் படிப்பது பற்றிய வழக்கு இல்லை இது.)

2016-லும் இப்படி ஒரு மாற்றம் வந்தது. ஆனால் அப்போது 'வேண்டாம்' என்று சொல்ல 30 நாள் அவகாசம் இருந்தது. அதைக் குறிப்பிட்டுத்தான் 2017-ல் இந்திய போட்டி ஆணையம் புகாரை முடித்து வைத்தது. 2021-ல் அந்த வாய்ப்பே இல்லை. ஆணையம் தானாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. அதை நிறுத்தக் கேட்ட மனுக்களை டெல்லி உயர் நீதிமன்றமும், 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை.

2024 நவம்பர் 18-ல் அபராதம். கூடவே, விளம்பரத்துக்காகத் தகவல் பகிர 5 ஆண்டுகள் தடை. 2025 நவம்பர் 4-ல் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தடையை நீக்கியது. அபராதத்தை உறுதி செய்தது. அடுத்து வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

பிரைவசிக்கும் போட்டிச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

போட்டிச் சட்டத்தின் 4-வது பிரிவு, சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம் நியாயமற்ற நிபந்தனை விதிப்பதைத் தடுக்கிறது. சேவை இலவசமாக இருந்தாலும், வேறு வழியில்லாமல் கொடுக்கும் சம்மதம் அந்த நிபந்தனைக்குள் வந்துவிடும். ஜெர்மனியின் போட்டி ஆணையம் 2019-லேயே ஃபேஸ்புக் மீது இதே வழியில்தான் போனது.

சரி, பணம் யாருக்கு?

அரசுக்கு. யூஸருக்கு ஒரு ரூபாய் கிடையாது.

போட்டிச் சட்டத்தின் 53என் பிரிவில் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. ஆனால் நஷ்டத்தை நிரூபிக்க வேண்டும். போன் நம்பர் கைமாறியதால் எத்தனை ரூபாய் நஷ்டம்? வக்கீல்கள் திணறும் இடம் இது.

புதிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்குமா? 2023-ல் வந்த இந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலாகும். அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். அதுவும் அரசுக்கே. அதோடு, இழப்பீட்டுக்கு வழி தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் அப்போது போய்விடும். இது பெரிய இழப்பு. பேசப்பட்டது கொஞ்சம்தான்.

லாட்ஜிலிருந்து ஆதார் கசிந்தால்?

லாட்ஜுக்குச் சந்தை ஆதிக்கம் கிடையாது. அதனால் போட்டிச் சட்டம் உதவாது. புதிய தரவுச் சட்டத்தில் லாட்ஜ் உரிமையாளருக்கும் பொறுப்பு உண்டு. உங்கள் கைக்குத்தான் பணம் வராது.

மிச்சம் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலை அடுத்தவருக்குக் கொடுப்பது 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்று அதன் 2(47) பிரிவு சொல்கிறது. இதற்கு இழப்பீடு கேட்கலாம். தரவுச் சட்டம் வந்த பிறகு நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் 38-வது பிரிவே, மற்ற சட்டங்களோடு கூடுதலாகத்தான் இது என்கிறது.

புகாரை ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ரூம் வாடகையாகச் செலுத்திய தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.