எடைப்பிரிவும் புகழும்: நெம்மேலிப்பட்டி அனுராதாவின் வெற்றியை முன்வைத்து

பளுதூக்குதலில் சாதனை கிலோகிராம் கணக்கில் பதியப்படுவதால், பிற விளையாட்டுகளின் புகழைவிட இதில் கிடைக்கும் புகழ் உறுதியானது என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் எந்த உடல் எடைப்பிரிவில், எந்தப் போட்டியில் தூக்கப்பட்டது என்ற விவரம் உடன் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. புதுக்கோட்டை மாவட்டம் நெம்மேலிப்பட்டியைச் சேர்ந்த ப. அனுராதாவின் வெற்றி இதை ஆராயத் தக்க சான்றாகும்.

அப்போது தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருந்த அவர், 2019 ஜூலையில் சமோவா நாட்டின் ஆப்பியாவில் நடைபெற்ற காமன்வெல்த் பளுதூக்கும் சாம்பியன்ஷிப்பில் மகளிர் 87 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் உயர்த்தும் ஸ்நாட்ச் முறையில் 100 கிலோவும், தோள்வரை ஏற்றி நிறுத்தியபின் மேலே உந்தும் கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 121 கிலோவும் தூக்கினார். ஒவ்வொரு முறையிலும் அளிக்கப்படும் மூன்று வாய்ப்புகளில் சிறந்தவற்றைக் கூட்டிப் பெறப்படும் மொத்தம் 221 கிலோ.

இந்தச் சாம்பியன்ஷிப் பளுதூக்குதலுக்கு மட்டுமே உரியது. நான்காண்டுக்கு ஒருமுறை பல விளையாட்டுகளுடன் நடைபெறும் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி வேறு. பொதுமக்கள் நினைவில் நிலைப்பது பெரும்பாலும் பின்னதே. 1978இல் எட்மண்டனில் 52 கிலோ பிரிவில் தங்கம் வென்ற ஏ. கருணாகரனும், 2014இல் கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்ற வேலூர் சதீஷ் சிவலிங்கமும் அவ்வழியே அறியப்படுகின்றனர்.

ஆயினும் அவ்விருவரின் எடைப்பிரிவுகளும் இன்று இல்லை. சர்வதேச பளுதூக்கும் கூட்டமைப்பு பிரிவுகளை மாற்றியமைக்கும்போதெல்லாம் பழைய பிரிவின் சாதனைகள் முடிவுற்ற கணக்காகிவிடுகின்றன. 2018இல் புகுத்தப்பட்ட மகளிர் 87 கிலோ பிரிவும் 2025இல் 86 கிலோவாக மாற்றப்பட்டதால், அனுராதாவின் 221 கிலோவும் அக்கணக்கில் சேர்ந்துவிட்டது.

தென்மாவட்டச் சிற்றூர்களில் வலிமையைச் சோதிக்கப் பயன்பட்ட இளவட்டக்கல் இதற்கு நேர்மாறானது. அதன் எடைக்குச் சான்றிதழ் கிடையாது; ஆனால் பாட்டனும் பேரனும் தூக்கியது ஒரே கல்லாகையால் ஊருக்குள் ஒப்பீடு அறுபடுவதில்லை. நவீனப் பளுதூக்குதல் உலகம் முழுவதற்கும் பொதுவான அளவைத் தந்தது. அதற்கு ஈடாகத் தலைமுறைகளுக்கிடையிலான தொடர்ச்சியை இழந்தது.

எனவே பளுதூக்கும் வீராங்கனையின் புகழை எண் தனித்துக் காப்பதில்லை. பிரிவு, போட்டியின் தரம், அக்காலத்து விதி ஆகியவற்றுடன் சேர்த்து எழுதப்படும் வரலாறே அதைக் காக்கும். மாவட்ட விளையாட்டு வரலாறுகளை எழுதுவோர் பதக்கப் பட்டியலோடு நின்றுவிடாமல் இவ்விவரங்களையும் பதிவுசெய்தல் வேண்டும்.