வானம் தெளிவாக இருக்கு, ஆனா விமானம் தாமதம்: விமானி பார்க்கும் வானிலை வரைபடம் என்ன சொல்லுது?

விடியற்காலை. ஜார்ஜ்டவுனில் ஒரு சொட்டு மழைகூட இல்லை. ஆனால் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் உங்கள் விமானம் தாமதம் என்று அறிவிப்பு வருது. ஏன்?

உங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று விமானியின் கையில் இருக்கும் தாளில் தெரிந்திருக்கலாம்.

சுமத்ரா சூறைக்காற்று

ஏறக்குறைய ஏப்ரல் முதல் நவம்பர் வரை, இரவில் சுமத்ரா, மலாக்கா நீரிணைப் பக்கம் இடிமேகங்கள் வரிசையாகத் திரளும். அந்த வரிசை கிழக்கே நகர்ந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ தீபகற்பத்தின் மேற்குக் கரையைத் தாக்கும். வந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் பலத்த காற்று, இடி, மழை.

மெட்டார்: இப்போது என்ன நிலை?

விமான நிலையம் வெளியிடும் சுருக்கக் குறியீடுதான் மெட்டார். சூறைக்காற்று பினாங்கை அடைந்ததும் அது எப்படி இருக்கும்? ஒரு கற்பனை உதாரணம்:

- டபிள்யூ.எம்.கே.பி: பினாங்கு விமான நிலையத்தின் அடையாளம்.
- 052300இசட்: 5ஆம் தேதி, உலக நேரம் 23:00. மலேசிய நேரத்துக்கு 8 மணி கூட்டுங்க. அதாவது, 6ஆம் தேதி காலை 7 மணி. புதுசா படிக்கிறவங்க தடுமாறுவது இங்கேதான்.
- 24018ஜி32கேடி: காற்று 240 பாகையிலிருந்து, அதாவது தென்மேற்கிலிருந்து வீசுது. வேகம் 18 நாட் (மணிக்கு சுமார் 33 கி.மீ.), திடீர் வீச்சு 32 நாட் (சுமார் 59 கி.மீ.).
- 3000: பார்வைத் தூரம் 3,000 மீட்டர்.
- டி.எஸ்.ஆர்.ஏ: இடியுடன் மழை.

பினாங்கு ஓடுபாதையின் எண் 04/22. அதாவது அது 40, 220 பாகைத் திசைகளில் இருக்கு. 240இலிருந்து காற்று வந்தால் 22இல் இறங்கும் விமானத்துக்கு அது ஏறக்குறைய எதிர்க்காற்று, சமாளிக்கலாம். அதே காற்று 310க்குத் திரும்பினால் நேராகப் பக்கவாட்டில் அடிக்கும். ஓர் எண் மாறினாலே முடிவும் மாறும்.

டாஃப்: இனி என்ன நடக்கும்?

இது விமான நிலையத்துக்கான முன்னறிவிப்பு. இதில் ‘டெம்போ’ என்று இருந்தால் தற்காலிக மாற்றம். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் என்று அர்த்தம். அது தரையிறங்கும் நேரத்தோடு மோதினால், காத்திருக்கவோ வேறு விமான நிலையம் போகவோ எரிபொருள் வேணும்.

வரைபடம்: எங்கே, எவ்வளவு உயரம்?

முக்கிய வானிலை வரைபடத்தில் அலை அலையான வளைகோட்டுக்குள் ‘சி.பி.’ என்று இருந்தால், அந்தப் பகுதியில் இடிமேகம் இருக்கு. பக்கத்தில் 450 என்றால் உச்சி சுமார் 45,000 அடி. பெரும்பாலான பயணிகள் விமானங்கள் அதற்கு மேலே ஏறிப் போக முடியாது, சுற்றித்தான் போகணும். ‘ஈ.எம்.பி.டி.’ என்றால் இடிமேகம் மற்ற மேகங்களுக்குள் ஒளிந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாததால் கூடுதல் ஆபத்து.

ஆனா ஒன்று: அந்த வரைபடம் குறிப்பிட்ட ஒரு நேரத்துக்கான கணிப்பு மட்டுமே. மேகம் நகர்ந்துகிட்டே இருக்கும். அதனால்தான் விமானி மூன்றையும் சேர்த்துப் படிக்கிறார், பறக்கும்போது விமானத்தின் ரேடாரையும் பார்க்கிறார்.

அடுத்த முறை தாமதம்னா, உங்க தலைக்கு மேலே உள்ள வானத்தை மட்டும் பார்க்காதீங்க. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ரேடார் படத்தில் நீரிணைப் பக்கத்தையும் பாருங்க. காரணம் அங்கே இருக்கலாம்.