மடியில் துணிப்பொம்மையாகச் சாயும் ரேக்டால் பூனை: வளர்க்கும் முன் குடும்பங்கள் அறிய வேண்டியவை

தாசேக் கெலுகோர் - வயலும் செம்பனைத் தோட்டமும் சூழ்ந்த தாசேக் கெலுகோர் வட்டாரத்தில், பூனை என்றால் எலி பிடிக்கும் நாட்டுப் பூனைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இன்று தாமான் வீடுகளில் நீலக் கண்ணும் பட்டுப் போன்ற முடியும் கொண்ட ரேக்டால் பூனையை வளர்க்க ஆசைப்படும் குடும்பங்களும் உண்டு. பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும் இந்தப் பூனை, நாட்டுப் பூனையைப் போல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளாது என்பதை முதலில் புரிந்துகொள்வது அவசியம்.

பிறப்பிடம்

ரேக்டால் இனம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ரிவர்சைட் நகரில் 1960-களில் உருவானது. ஆன் பேக்கர் என்ற பெண்மணி, ஜோசஃபின் என்ற நீண்ட முடி கொண்ட வெள்ளைப் பூனையின் குட்டிகளிலிருந்து இந்த இனத்தை வளர்த்தெடுத்தார். தூக்கினால் துணிப்பொம்மை போல உடல் தளர்ந்து கிடப்பதால் இதற்கு 'ரேக்டால்' என்று பெயர் வந்தது. இந்தப் பூனைக்கு வலியே தெரியாது என்று பரவிய கதை உண்மையல்ல. மற்ற பூனைகளைப் போலவே இதற்கும் வலிக்கும்.

குட்டிகள் வெள்ளையாகவே பிறக்கும். முகம், காது, கால், வால் ஆகியவற்றின் நிறம் நாளடைவில்தான் தெளியும். முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய 4 ஆண்டுகள் ஆகும். ஆண் பூனை 7 முதல் 9 கிலோ வரையிலும், பெண் பூனை 4.5 முதல் 7 கிலோ வரையிலும் எடை வைக்கும்.

குணம்

வீட்டார் போகும் அறைக்கெல்லாம் பின்னாலேயே வருவது, வாசலில் காத்திருப்பது, மடியில் படுத்துக்கொள்வது ஆகியவை இதன் இயல்பு. எளிதில் சீறாது என்பதால் சிறு பிள்ளைகள் இதைப் பொம்மையாகவே எண்ணி இழுக்கக்கூடும். ஒரு கையால் நெஞ்சையும் மறு கையால் பின்னங்காலையும் தாங்கித் தூக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் சென்று நாள் முழுதும் வீடு பூட்டிக் கிடக்குமானால், இந்தப் பூனை தனிமையில் வாடும்.

வெளியே விடலாமா?

விடக்கூடாது. சாலை வாகனங்களும் தெருநாய்களும் ஒருபுறமிருக்க, தோட்டப்புறத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. செம்பனைக் குலைகளைக் கடிக்கும் எலிகளுக்கு நச்சு இரை வைப்பது வழக்கம். இந்த மருந்துகளில் பல, இரத்தம் உறையாமல் செய்பவை. நஞ்சுண்ட எலியைத் தின்னும் பூனைக்கும் அந்த நஞ்சு சேரும். சில நாள் கழித்தே பூனை சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் வடியலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றால் வைட்டமின் கே சிகிச்சையால் காப்பாற்ற வாய்ப்புண்டு. தோட்ட வீடானாலும் தாமான் வீடானாலும் சன்னலுக்கும் வாசல் கிரில்லுக்கும் வலை அடிப்பது நல்லது.

வெப்பமும் முடியும்

பகலில் 30 பாகையைத் தாண்டும் நம் ஊர் வெப்பத்தில் ஏர்கோன் கட்டாயமல்ல. காற்றாடி, நிழல், குளிர்ந்த சிமெண்டுத் தரை, இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் ஆகியவை இருந்தாலே போதும். தகரக் கூரையின் கீழ் கூண்டில் அடைப்பது ஆபத்து. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், குளிர்ந்த இடத்திற்கு மாற்றி, சாதாரண நீரால் உடலை நனைத்து, மருத்துவரிடம் விரைய வேண்டும். வாரம் 2 அல்லது 3 முறை முடியைச் சீவிவிட வேண்டும். கால் இடுக்கிலும் காதின் பின்னும் முடி சிக்கிக்கொள்ளும்.

உணவு

சோறும் பாலும் பூனையை வாழவைக்காது. பூனை இறைச்சி உண்ணும் பிராணி. இறைச்சியில் உள்ள டோரின் என்ற சத்து குறைந்தால் கண்பார்வையும் இதயமும் பாதிக்கப்படும். சைவ உணவு உண்ணும் வீடுகள் பூனைக்கான தயாரிப்பு உணவைத் தனியே வாங்கியாக வேண்டும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு பூனைக்கு நஞ்சு. காய்ச்சல் என்று எண்ணிப் பாரசிட்டமால் மாத்திரை கொடுத்தால் உயிரே போகும். பூச்சாடியில் வைக்கும் லில்லிப் பூவும் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பரம்பரை இதய நோய்

ரேக்டால் இனத்தில் இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய் உண்டு. அதற்கான மரபணு மாற்றம் 2007-இல் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் அம்மாற்றத்தைப் பெற்ற குட்டிகளுக்கு ஆபத்து அதிகம். மரபணுப் பரிசோதனையில் இதைக் கண்டறியலாம். எனவே, குட்டி வாங்குபவர்கள் தாய், தந்தைப் பூனைகளின் பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். படத்தை மட்டும் பார்த்து முன்பணம் கட்டக்கூடாது. தாயை நேரில் பார்த்து, 12 வாரம் நிரம்பிய, தடுப்பூசி தொடங்கிய குட்டியை வாங்குவதே முறை. திடீரெனப் பின்னங்கால் இழுத்துக்கொள்வதும் மூச்சு முட்டுவதும் அவசர அறிகுறிகள்.

கர்ப்பிணிகள் இருக்கும் வீடு

பூனையை விரட்டத் தேவையில்லை. டோக்சோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளியேறி, 1 முதல் 5 நாள் கழித்தே தொற்றும் நிலையை அடையும். வீட்டில் வேறொருவர் தினமும் மணல் தட்டைச் சுத்தம் செய்து, பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காமல் இருந்தால் ஆபத்து பெரிதும் குறையும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கோ, ரேக்டால் விதிவிலக்கல்ல. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கிறது.

சட்டம்

2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள 2015 விலங்கு நலச் சட்டத்தின் கீழ், பிராணிகளைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வளர்த்த பூனையைச் சந்தையிலோ தோட்டத்திலோ விட்டுவிடுவது தீர்வல்ல.

ரேக்டால் 12 முதல் 15 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. இன்று ஆரம்பப் பள்ளியில் சேரும் பிள்ளை படிவம் ஐந்தை முடித்த பிறகும் அது வீட்டில் இருக்கும். உணவு, மணல், தடுப்பூசி, கருத்தடைச் செலவுகளை மாதச் சம்பளத்தில் எடுத்துவைக்க இயலுமா என்று குடும்பமாக அமர்ந்து பேசி முடிவெடுப்பது நல்லது. இயலாதவர்கள், வாசலுக்கு வரும் நாட்டுப் பூனைக்குக் கருத்தடை செய்து வளர்க்கலாம். அன்பு காட்டுவதில் அதுவும் குறைந்ததல்ல.