மொரப்பூர் டு மாவள்ளி

தர்மபுரிக்காரர்களுக்கு லீவு விட்டால் இரண்டு திசைகள். மீன் வறுவல் என்றால் ஒகேனக்கல். மசால் தோசை என்றால் பெங்களூர். ஒகேனக்கல்லுக்காவது ‘குளிக்கப் போறோம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். பெங்களூர் விஷயத்தில் அந்தப் பாசாங்கும் கிடையாது. காலையில் மாவள்ளி டிபன் ரூம்ஸில் (எம்.டி.ஆர். என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்) ரவா இட்லி. சாயங்காலம் காந்தி பஜார் வித்யார்த்தி பவனில் தோசை. நடுவே, சாப்பிட்டது செரிக்க லால்பாக்கில் ஒரு நடை. அவ்வளவுதான் டூர் ப்ரோக்ராம்!

சாப்பிடுவதற்கென்றே ஒரு ஊருக்குப் போவது, நம் தாத்தாவின் தாத்தாவுக்குச் சொன்னால் புரிந்திருக்காது. அவர் காலத்தில் சோற்றுக்காக ஊரைவிட்டுக் கிளம்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பஞ்சம்.

1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் தென்னிந்தியாவைப் புரட்டிப் போட்டது. தர்மபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு பகுதி. அந்த ஜில்லாவும் காய்ந்தது, எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானமும் காய்ந்தது. செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். நிவாரண வேலைக்குக் கூலி நிர்ணயிக்க வந்தார் சர் ரிச்சர்ட் டெம்பிள். நாள் முழுக்கக் கல் உடைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். சிக்கனமாம்!

சர்க்கார் அந்தப் பஞ்சத்திலிருந்து ஒன்று கற்றுக்கொண்டது. தானியம் இருக்கிற ஊரிலிருந்து இல்லாத ஊருக்குக் கொண்டுபோக ரயில் வேண்டும். அப்படிப் பஞ்சப் பாதுகாப்புக்காகப் போடப்பட்டதுதான் மொரப்பூர் - தர்மபுரி குறுகிய ரயில்பாதை. 1906-ல் ஓட ஆரம்பித்தது. 1913-ல் ஓசூர் வரை நீண்டது. ஓசூரைத் தாண்டினால் பெங்களூர் கூப்பிடு தூரம். பசிக்காக வந்த ரயில் ருசியின் வாசல்வரை போய் நின்றது.

அந்த வாசலுக்குள் எல்லோரும் போக முடிந்ததா?

பெங்களூர் லால்பாக் பக்கம் 1924-ல், உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த மையா சகோதரர்கள் ஒரு ஹோட்டல் திறந்தார்கள். இன்றைய எம்.டி.ஆரின் ஆரம்பம் அதுதான். அன்று அதன் பெயர், ‘பிராமின் காபி கிளப்’. அந்தக் காலத்தில் இது யார் புருவத்தையும் உயர்த்தவில்லை. தென்னிந்தியா முழுக்க இப்படிப்பட்ட போர்டுகள் தொங்கின. பல ஹோட்டல்களில் பிராமணர்களுக்கு உள்ளே தனி இடம், மற்றவர்களுக்குத் தடுப்புக்கு இந்தப் பக்கம், தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தெருதான். ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளிலேயே இந்தப் பிரிவினை இருந்தது. பெரியார் தரப்பின் எதிர்ப்புக்குப் பிறகு 1941-ல்தான் அது ஒழிந்தது. அதே 1941-ல், போர்த் தேவைக்காக தர்மபுரி ரயில்பாதையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது வேறு கதை.

போர் சமையலறைக்குள்ளும் புகுந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி வரத்து நின்றது. அரிசி இல்லாமல் இட்லிக்கு எங்கே போவது? ரவையை வைத்து ஒப்பேற்றினார்கள். அப்படிப் பிறந்ததுதான் ரவா இட்லி என்கிறது எம்.டி.ஆர். தட்டுப்பாட்டுக்குப் பிறந்த பலகாரத்தை இன்று க்யூவில் நின்று சாப்பிடுகிறோம்.

1950-ல் வந்த அரசியல் சட்டம், ஹோட்டலுக்குள் நுழைய ஜாதியைக் காட்டித் தடுக்கக் கூடாது என்றது. 15-வது பிரிவு. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி இறங்கி வந்தது. ஹோட்டலில் எல்லோருக்கும் என்று வைத்திருக்கும் பாத்திரத்தைத் தீண்டாமையின் பெயரால் ஒருவருக்குக் கொடுக்க மறுப்பதும் குற்றம் என்றது. டம்ளருக்கும் தட்டுக்கும் ஒரு சட்டம் தேவைப்பட்ட தேசம் இது!

சட்டம் வந்தவுடன் போர்டு இறங்கிவிடவில்லை. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் நடத்தினார் பெரியார். நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். பெங்களூர் ஹோட்டலும் 1960-ல் புது இடத்துக்கு மாறியபோது மாவள்ளி டிபன் ரூம்ஸ் ஆனது.

எல்லாம் பழைய சமாசாரம் என்று ஏப்பம் விடவேண்டாம். 2024 பிப்ரவரியில் அதே மொரப்பூர் அருகே, தோட்ட வேலைக்கு வந்த தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்ததாகப் புகார். இரண்டு பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். பஞ்சத்தை விரட்ட ரயில் கிளம்பிய ஊர் அது. பஞ்சம் போய்விட்டது. கொட்டாங்குச்சி போகவில்லை.

பெங்களூரில் முன்பின் தெரியாத குடும்பத்தோடு ஒரே மேஜையில் உட்காருகிறோம். யார், என்ன என்று யாரும் விசாரிப்பதில்லை. ‘என்ன சாப்பிடறீங்க?’ என்பது ஒன்றுதான் கேள்வி. அது சும்மா வந்த சுகமில்லை. அடுத்த லீவுக்குக் கிளம்பும்போது வழியில் டீக்கு வண்டியை நிறுத்துவீர்கள் அல்லவா? உங்கள் கையில் இருக்கும் டம்ளரையும், கடை ஓரத்தில் நின்று குடிப்பவரின் கையில் இருப்பதையும் ஒருதரம் பாருங்கள். இரண்டும் ஒன்றுதானா?