கோடு எங்கே முறிகிறது?

தொண்ணூறுகளில், புகையிலைக் காட்டு வேலை முடிந்து வந்து, வேடசந்தூர் அறிவொளி வகுப்பில் என் அம்மா 'ப' எழுதப் பழகினாள். கீழே இறங்குவாள், நிற்பாள், திரும்புவாள். படுக்கைக் கோட்டின் நடுவிலும் நிற்பாள். "ஏம்மா நிக்கிறே?" என்றால், "பொறுடா, எழுத்து வருதுல்ல" என்பாள். அந்த நிற்றலைப் பற்றியதே இக்கட்டுரை.

கணிப்பொறிக்குக் கையெழுத்து என்பது புள்ளிகளின் வரிசை மட்டுமே. பேனா முனை பலகையைத் தொட்டது முதல் எடுக்கும்வரை ஒரு கோடு. ஒவ்வொரு புள்ளிக்கும் இடமும் நேரமும் உண்டு. இந்தக் கோட்டை எங்கே துண்டாக்குவது? கைவரைபடங்களுக்கு 2001இல் எம்.ஐ.டி.யின் மெட்டின் செஸ்கினும் சகாக்களும் ஒரு வழி சொன்னார்கள். மூலை திரும்பும்போது கை தானாக மெதுவாகும். ஆகவே வளைவு கூடும் இடத்தையும் வேகம் குறையும் இடத்தையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக வைத்தால் மூலை அகப்படும். நல்ல அவதானிப்புதான். ஆனால் அதற்குள் ஓர் உடல் முன்கூட்டியே அனுமானிக்கப்பட்டிருக்கிறது: எழுதிப் பழகிய, தயங்காத கை. 'ப'வுக்கு மூலை இரண்டு. அம்மாவுக்கோ நின்ற இடத்திலேயே கை நடுங்கும். இரண்டு சாட்சியும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லும். இல்லாத மூலை ஒன்று முளைத்துவிடும்.

தமிழில் கோட்டை வெட்டிய வரலாறு கணிப்பொறிக்கு முந்தியது. ஓலையில் எழுத்தாணி துளைத்துவிடும் என்று புள்ளியை விட்டார்கள். எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலக் கிடந்தன. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் தந்தார் என்பார்கள். பெரியார் 1935இல் குடி அரசில் கொண்டுவந்த சீர்திருத்தத்தை 1978இல் தமிழக அரசு ஏற்றது. எழுத்தோடு ஒட்டியிருந்த தும்பிக்கை வைத்த 'லை' போய், ஐகாரக் குறி தனியே நின்றது. அச்சுக் கோப்பவர்களுக்குப் பெரிய நிம்மதி. பழைய 'லை'யை விடாத பெரியவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள், அது வேறு கதை.

பெங்களூரு எச்.பி. ஆய்வகம் தொகுத்த தமிழ்க் கையெழுத்துத் தரவை வைத்து 2006இல் சர்வதேசப் போட்டி ஒன்று நடந்தது. அதில் எழுத்துகள் 156 குறிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. துணைக்கால், கொம்பு, ஐகாரக் குறி எல்லாம் தனித்தனி. 1978 வெட்டிய இடத்திலேயே பொறியும் வெட்டுகிறது என்பது என் வாசிப்பு. எழுதிக் கொடுத்தவர்கள் பெங்களூரையும் சேலத்தையும் சேர்ந்த பள்ளிப் பிள்ளைகள், பட்டதாரிகள், பெரியவர்கள். சேலம் ஒன்றும் எங்களுக்குத் தூரமில்லை. ஆனால் 'பெரியவர்கள்' என்ற சொல்லுக்குள் நாற்பது வயதில் பேனா பிடித்தவர்கள் எத்தனை பேர் என்று அந்தச் சொல் சொல்வதில்லை.

ஒருமுறை ஓர் அலுவலகத்தில், இரண்டு தாளிலும் கையெழுத்து ஒத்துப்போகவில்லை, ரேகை வைத்துவிடுங்கள் என்றார்கள். அம்மா மை டப்பாவை நகர்த்தி வைத்தாள். பேனாவைக் கேட்டு வாங்கினாள். பின்னால் வரிசையில் முணுமுணுப்பு. மூன்றாவது தாளிலும் நின்று நின்றுதான் எழுதினாள்.