வேங்கட எல்லையில் நுண்ணோக்கி: மதனப்பள்ளிக் காசநோய் மருத்துவமனை வரலாறு

முன்னுரை

தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகச் சுட்டும் வேங்கடம், தமிழாய்வில் பெரும்பாலும் எல்லைச் சிக்கலாகவும் பத்தி இலக்கியக் களமாகவுமே பேசப்பட்டு வந்துள்ளது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானதும், 1953இல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்ததும், 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்ததும் பலமுறை எழுதப்பட்ட செய்திகளாகும். ஆனால் இம்மண்ணுக்கு அறிவியல் வரலாறு ஒன்றும் உண்டு. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் இயங்கிய காசநோய் மருத்துவமனையை மையமாகக் கொண்டு, நுண்ணோக்கி என்னும் கருவி நோயைப் பற்றிய பார்வையை எவ்வாறு மாற்றியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நோயின் பெயரும் நோயின் காரணமும்

எலும்புருக்கி, சயம், ஈளை, காசம் எனத் தமிழில் இந்நோய்க்குப் பல பெயர்கள் வழங்கி வந்துள்ளன. உடல் உருகுதலை எலும்புருக்கி என்பதும், தேய்வைச் சயம் என்பதும், கோழையை ஈளை என்பதும், இருமலைக் காசம் என்பதும் குறிக்கின்றன. இவை யாவும் புறத்தே தென்படும் குறிகளால் அமைந்த பெயர்கள். நோயைக் காண்பது என்பது நோயாளியின் உடலைக் காண்பதாகவே இருந்தது.

1665இல் இராபர்ட் ஊக் தக்கைச் சீவலில் கண்ட சிற்றறைகளுக்கு 'செல்' எனப் பெயரிட்டார். 1670களில் லீவன்ஹூக் தாமே தேய்த்த வில்லைகளின் வழியே நீர்த்துளியில் நீந்தும் நுண்ணுயிர்களைக் கண்டார். எனினும் அவ்வுயிர்களுக்கும் மனித நோய்களுக்குமுள்ள தொடர்பு நிறுவப்பட இரு நூற்றாண்டுகள் ஆயின. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இராபர்ட் காக் காசநோயை உண்டாக்கும் நுண்ணுயிரை அறிவித்தார். அதன் பின்னர் சீல், நீல்சன் ஆகியோர் சீர்செய்த சாயமேற்றும் முறை எங்கும் பரவியது. கண்ணாடித் தகட்டில் தடவி உலர்த்திய சளியின்மேல் சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடேற்றுவர், அமிலத்தால் கழுவுவர், பின்னர் நீலச் சாயம் இடுவர். மெழுகுத்தன்மை வாய்ந்த உறையுடைய காசநோய் நுண்ணுயிர் அமிலத்துக்கு நிறத்தை விட்டுக்கொடுப்பதில்லை. ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெருக்கிக் காணும்போது, நீலப் பின்புலத்தில் அது சிறு சிவப்புக் கோலாகத் தெரியும். அதன் நீளம் 1 முதல் 4 மைக்ரான் அளவினதே.

ஆரோக்கியவரம்

தென்னிந்தியாவில் பணியாற்றிய பல கிறித்தவ மருத்துவப் பணி அமைப்புகள் ஒன்றுகூடி, மதனப்பள்ளிக்கு அருகில் கூட்டுக் காசநோய் மருத்துவமனை ஒன்றை நிறுவின. 1915இல் அது ஆரோக்கியவரத்தில் செயல்படத் தொடங்கியது. டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட்-மோலர் அதன் முதல் கண்காணிப்பாளர். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற பி.வி. பெஞ்சமின், பின்னாளில் இந்திய அரசின் காசநோய் ஆலோசகராக விளங்கினார்.

மருந்து இல்லாத காலம் அது. தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவையே சிகிச்சையின் அடிப்படையாக இருந்தன. அந்நிலையில் நுண்ணோக்கியால் நோயைத் தீர்க்க இயலவில்லை. எவருடைய சளியில் கிருமி உண்டு, எவருடைய சளியில் இல்லை என்பதை மட்டுமே அதனால் கூறமுடிந்தது. அவ்வேறுபாடு நோயாளிக்கும் அவர் குடும்பத்தார்க்கும் பெரிது. தொற்றைப் பரப்புபவர் யார் என்பதை முகத்தோற்றமோ ஊர்ப்பேச்சோ அன்றிக் கண்ணாடித் தகடு தீர்மானிக்கத் தொடங்கியது.

1948ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஜூன் 30 அன்று புதுமைப்பித்தன் காசநோயால் மறைந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவின் பி.சி.ஜி. தடுப்பூசிப் பணி மதனப்பள்ளியில் தொடங்கியது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தும், எளியோர்க்கு அது எட்டாப் பொருளாகவே இருந்தது. தமிழ்ச் சிறுகதையின் பேரிழப்பை இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்போது, காசநோய் வரலாறு இலக்கிய வரலாற்றுக்கு அயலானதன்று என்பது விளங்கும்.

மருத்துவமனையிலிருந்து ஊருக்கு

கிறிஸ்டியனின் மகன் யோஹன்னஸ் ஃபிரிமோட்-மோலர் தலைமையில், மதனப்பள்ளி நகரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் 1950 முதல் 1955 வரை மக்கள் அனைவரையும் உள்ளடக்கிய ஆய்வு நிகழ்ந்தது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஐயத்துக்குரிய நிழல் தெரிந்தோரின் சளி ஆராயப்பட்டது. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டுமே கண்ட நுண்ணோக்கி, வராதவர்களையும் காணத் தொடங்கிய நிகழ்வு இது.

1955 முதல் 1958 வரை நடந்த தேசிய மாதிரி ஆய்வின் ஆறு மையங்களுள் மதனப்பள்ளியும் ஒன்று. காசநோய் நகரத்து நோய் என்ற நெடுநாள் நம்பிக்கையை அவ்வாய்வு தகர்த்தது. நகரங்களைப் போலவே சிற்றூர்களிலும் அந்நோய் பரவியிருந்தது. மக்கட்பெருக்கமோ சிற்றூர்களில்தான் மிகுதி. ஆகவே நோயாளிகளிற் பெரும்பாலோர் மருத்துவமனையே இல்லாத இடங்களில் வாழ்ந்தனர் என்பது தெளிவாயிற்று.

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தோன்றியது. வீட்டிலிருந்தே மருந்துண்பவர்களும் மருத்துவமனையில் தங்குபவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைகின்றனர் என்பதை அம்மையம் 1959இல் வெளியிட்டது. அவ்வாண்டே பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் அமைந்தது. அங்குப் பணியாற்றிய பானர்ஜியும் ஆண்டர்சனும் 1963இல் வெளியிட்ட ஆய்வு மற்றோர் உண்மையை உணர்த்தியது. நோயுற்ற சிற்றூர் மக்களில் பாதியளவினர் தாமாகவே அரசு மருத்துவ நிலையங்களை நாடியிருந்தனர். மக்களின் அறியாமை என்று கருதப்பட்ட குறை, உண்மையில் வந்தவரின் நோயைக் கண்டறியாத நிலையங்களின் குறையே என்பது இதனால் புலனாயிற்று.

அக்குறைக்கு உரிய விடை சளி ஆய்வாகும். எக்ஸ்-கதிர்க் கருவிக்கு மின்சாரமும் பெரும்பொருளும் வேண்டும். நுண்ணோக்கிக்கோ கண்ணாடியில் பட்டுத் திரும்பும் பகலொளியே போதும். 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் அதனை ஆரம்ப சுகாதார நிலையத்தின் கருவியாக்கியது. திருப்பதியில் 1954இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் 1960இல் மருத்துவக் கல்லூரியும் தொடங்கியபின், உயிரணுவையும் நுண்ணுயிரையும் கண்டறியும் பயிற்சி இம்மாவட்டத்திலேயே உயர்கல்வியாகக் கிடைத்தது.

கருவியின் எல்லை

நுண்ணோக்கியின் ஆற்றலை மிகைப்படுத்தலாகாது. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 நுண்ணுயிர்கள் இருந்தால்தான் அவை கண்ணுக்கு அகப்படும். குழந்தைகளின் நோயும் நுரையீரலுக்கு வெளியே தோன்றும் நோயும் பெரும்பாலும் அதற்குத் தப்பிவிடும். மேலும் 'கிருமி இல்லை' என்று கூறுமுன் குறைந்தது நூறு பார்வைப் புலங்களை ஆராய வேண்டும் என்பது நெறி. களைத்த கண்ணும் விரையும் கையும் அந்நெறியைப் பிழைக்கச் செய்யும். 2010இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த மரபணுவழிச் சோதனை இக்குறைகளைப் பெரிதும் நீக்கியுள்ளது. ஆயினும் சிகிச்சையின் போக்கைக் கண்காணிக்கச் சளித் தகடு இன்றும் பயன்படுகிறது.

முடிவுரை

எலும்புருக்கி என்று உடலைப் பார்த்து அறியப்பட்ட நோய், ஆரோக்கியவரம் போன்ற இடங்களில் சளித்துளியைப் பார்த்து அறியப்பட்டது. இம்மாற்றத்தின் பயன் கருவியின் நுட்பத்தால் மட்டும் விளைந்ததன்று. அக்கருவி நோயாளியின் ஊருக்கே சென்றதால் விளைந்தது. மருத்துவமனையிலிருந்து வெளியேறி ஊர்களை எண்ணத் துணிந்த ஆய்வே, நெடுநாள் தங்கிப் பெறும் சிகிச்சையின் இன்றியமையாமை குறைவதற்கும் வழிகோலியது எனலாம். 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது; மதனப்பள்ளியும் சித்தூரிலிருந்து பிரிந்தது. எல்லைகள் மாறினும், அப்பகுதியில் நிகழ்ந்த இவ்வறிவுப்பணி தென்னக மக்கள் அனைவர்க்கும் உரியது. வேங்கடத்தை எல்லையாக மட்டும் கண்ட தமிழாய்வு, அதன் மருத்துவ வரலாற்றையும் தன் வரம்புக்குள் கொள்ளுதல் வேண்டும்.